தோள்பக்கத்துப் பங்கு

10 நவம்பர் 2024, ஞாயிறு

சுவிசில், எங்கள் கூர் நகரத்தில் முழுநாளும் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கும் இவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். எனக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, இவருக்கு ஹொட்டேல் குசினியில். இரண்டு பேரும் வீட்டில் நின்றால் ஒன்றில் பெரிய சமையல், இல்லாவிட்டால் பெரிய சண்டை. இன்று சமையல்.

மான் கறி. நிலக்கீழ் அறையில் நிற்கும் பெரிய ஃபிரீசரில் இன்னும் பாதிக்கு மேல் மான்தான். செப்ரெம்பர் வேட்டையில் இவர் சுட்டது. கொண்டுவந்த அடுத்த நாளே பங்கு போட்டோம். ஆடு அடித்தால் எப்படியோ அப்படித்தான்: நாங்கள், இதே ஊரில் இருக்கும் எங்கள் சிநேகிதன் லக்ஷ்மணன் வீடு, ஓல்டனில் இருக்கும் இவருடைய அக்கா வீடு. ஒவ்வொரு கூறிலும் ஈரல், நெஞ்சு, தொடை, தோள், எலும்பு எல்லாம் சமமாக விழவேண்டும். விழாவிட்டால் அதற்குப் பெயர் பங்கு இல்லை.

இங்கத்தைய ஆட்கள் குண்டு பட்ட தோளில் அரைவாசியை வெட்டி எறிந்துவிடுவார்கள், இரத்தம் கட்டிக் கறுத்துக் கிடக்கும் என்று. இவரும் எறியத்தான் பார்த்தார். நான்தான் விடவில்லை. எலும்போடு கிடக்கிற நல்ல இறைச்சியை எறிய யாருக்கு மனம் வரும்? பல தண்ணீர் மாற்றிக் கழுவி, சின்னத் துண்டுகளாக எலும்போடு கொத்தினேன். வெடுக்கு மணம் போக வினாகிரியில் ஊறப்போட்டு, பழப்புளியும் தாராளமாக விட்டு வைத்தால் ஆட்டிறைச்சி தோற்றுப்போகும்.

மகள் றோஷினி வயிற்று நோ என்று பாதியில் எழும்பிவிட்டாள். மூன்றரை வயதில் என்ன வயிற்று நோ. எனக்குத் தெரியாமல் சொக்கிளேற் தின்றிருப்பாள்.

16 நவம்பர், சனி

லக்ஷ்மணனும் மனைவி பிரசாந்தினியும் வந்து சாப்பிட்டார்கள். பிரசாந்தினிக்கு வயிற்றில் பிள்ளை தங்கி இப்போதுதான் மூன்றாம் மாதம். எதைக் கண்டாலும் ஓங்காளம், மான் கறி மட்டும் இறங்குகிறதாம். சோற்றோடு பிசைந்து உருண்டையாக்கி அவளுடைய கையில் வைத்தேன். சின்னப்பிள்ளை மாதிரி வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். தாய் தகப்பன் வவுனியாவில். இங்கே நான்தான் அக்கா, நான்தான் அம்மா.

இவர் வேட்டைக் கதையை மறுபடி தொடங்கினார். இலங்கைப் பாஸ்போட்காரன் இந்த நாட்டில் துவக்கு வாங்க முடியாது, சுவிஸ் சிவப்புப் பாஸ்போட் கிடைத்த பிறகுதான் வேட்டைச் சோதனை எழுதினார் என்பதில் தொடங்கி, வேலையிடத்து நண்பர் கியான் தன்னை மலைக்குக் கூட்டிப்போனது வரை. எங்களுக்கு எல்லாம் பாடம்.

ஆனால் ஒரு இடத்தில் இவருடைய குரல் எப்போதும் இறங்கும். இந்த மானுக்கு முந்திய வருஷம் செம்புக் குண்டால் சுட்டாராம். சுண்டுவிரல் பருமன் குண்டு. எலும்பில் படாமல், விரியாமல், நேரே உள்ளே போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிட்டது. மான் ஓடிவிட்டது. நாய் கொண்டுவந்து இரத்த மணம் பிடித்துத் தேடி, மறுநாள்தான் ஒரு பைன் மரத்துக்குக் கீழே கண்டார்களாம். உயிரோடு. தலையைத் தூக்கி இவரைப் பார்த்ததாம்.

அதற்குப் பிறகுதான் கியான் தன்னிடம் மிச்சம் கிடந்த பழைய குண்டுப் பெட்டியைக் கொடுத்தது. மெல்லிய ஈய மூக்கு வைத்த குண்டு. உடம்பில் பட்டவுடன் காளான் மாதிரி விரிந்துவிடும். தோள் எலும்பில் வைத்தால் நின்ற இடத்திலேயே மான் விழும். "அது நோகிறதுக்கு முதலே செத்துப்போகும், லக்ஷ்மணன். அதுதான் எனக்கு வேணும்" என்றார்.

இந்த மனுசனை நான் கட்டினதற்கு எத்தனையோ முறை கவலைப்பட்டிருக்கிறேன். இன்றைக்குப் படவில்லை.

29 நவம்பர்

மறுபடியும் றோஷினிக்கு வெளியே போகவில்லை. அத்திப்பழம் கொடுத்தேன், எண்ணெய் தடவினேன், கெஞ்சினேன்.

9 டிசெம்பர், திங்கள்

குழந்தை வைத்தியரிடம் போனோம். நல்ல மனுசி, அவசரப்படாமல் பார்ப்பவர். மலச்சிக்கல், இந்த வயதில் சகஜம் என்றார். பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறாள் என்று விரலில் குத்திப் பார்த்தார். இரத்தம் குறைவு. இரும்புச் சத்துப் பாணி தந்தார். சிவப்பு இறைச்சி சாப்பிடுவாளா என்று கேட்டார். சாப்பிடுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் நல்லது, இன்னும் கொடுங்கள் என்றார்.

இரும்பென்றால் மானுக்கு மிஞ்சி என்ன இருக்கிறது? தோள் எலும்பைப் போட்டு, மிளகு சீரகம் மல்லி தட்டி, பழப்புளி விட்டு றசம் வைக்கப்போகிறேன். இறைச்சியை மென்று துப்புகிறவள், றசம் என்றால் குடிப்பாள்.

24 டிசெம்பர்

குடிக்கிறாள். காலையிலும் பின்னேரமும் ஒரு கோப்பை. அடியில் கிடக்கும் மண்டியையும் விடாமல் ஊட்டிவிட்டேன். சத்தெல்லாம் அங்கேதானே.

17 ஜனவரி 2025, வெள்ளி

பிள்ளைகளை விளையாடவிடும் குழுவுக்கு றோஷினியைக் கூட்டிவரப் போனபோது, பொறுப்பான பெண்மணி என்னைத் தனியே கூப்பிட்டார். றோஷினி கதைப்பதில்லையாம். முன்பு இரண்டு மொழியையும் கலந்து ஓயாமல் கதைத்தவள், இப்போது மூலையில் இருந்து தன் சப்பாத்தின் ஒட்டும் பட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறாளாம். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மிகப் பக்குவமாகக் கேட்டார்.

வீட்டில் என்ன பிரச்சினை? ஒன்றும் இல்லை என்றேன். பிறகு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கடைசியாக அவள் ஒரு முழு வசனம் சொன்னது எப்போது? கோபம் வந்தால் கத்துகிறாள். வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறாள். "அம்மா" என்கிறாள். "வேண்டாம்" என்கிறாள். வேறே?

எனக்கு நினைவு வரவில்லை. பெற்ற தாய்க்கு நினைவு வரவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

ஓல்டன் மச்சாள் நாவூறு என்றார். பிள்ளை வாயாடி, ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்று. ரெயிலேறிப் போய் திரிம்பாக் கோயிலில் அர்ச்சனை செய்தோம். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது றோஷினி நிலத்தில் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளுக்கு அடித்துவிட்டேன். கோயிலுக்குள், சாமிக்கு முன்னால். பிள்ளை அழாமல் என்னைப் பார்த்தாள்.

என்னுடைய கை அழுகட்டும்.

11 பெப்ரவரி, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் விசர் பிடிக்கும்.

காலையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்றே எடுத்தார்கள். வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டினார். இடுப்பெலும்புக்கு மேலே குடலின் வழி முழுக்க வெள்ளைப் பொட்டுகள். கசகசா தூவினதுபோல. கீழே வலப்பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஒரு கூட்டம்.

எனக்கு அந்தப் படம் என்னவென்று வைத்தியர் சொல்ல முதலே தெரியும். ஊரில் என் தம்பியின் காலை மந்திகை ஆஸ்பத்திரியில் எடுத்த படம் இப்படித்தான் இருந்தது. செல் பீஸ், சண்டைக்குள் செல் வெடித்து ஏறிய துண்டுகள். அவனுக்கு இன்னும் எல்லாம் உள்ளேதான். சுவிசில் பிறந்த பிள்ளையின் வயிற்றில் எப்படிப் பீஸ் வரும்? எப்படி வரும்?

இது உலோகம், அநேகமாக ஈயம் என்றார். வீட்டில் பழைய பெயின்ற் உதிர்கிறதா, மலிந்த விளையாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, பிள்ளைக்குக் கண்மை பூசுகிறீர்களா, உங்கள் நாட்டு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைக் கண்டால் உடனே மையும் மருந்தும்தான் ஞாபகம் வருமா என்று சத்தம் போட்டேன். நல்ல தாயாம் நான், பிள்ளைக்குக் கண்டதையும் கொடுக்க மாட்டேனாம். என்னவெல்லாம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேட்டை இறைச்சி சாப்பிடுவதுண்டா என்றார்.

இவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் இவரைப் பார்க்கவில்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை.

12 பெப்ரவரி, புதன்

இரத்தத்தில் ஈயம். இருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. இரத்தம் குறைந்தது, வயிற்று நோ, பேச்சுக் குறைந்தது எல்லாவற்றுக்கும் இது காரணமாக இருக்கலாம். மூளைக்கு என்ன செய்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாதாம். பிள்ளை வளர வளரத்தான் தெரியுமாம்.

விளங்கப்படுத்தினார். மெல்லிய ஈயக் குண்டு எலும்பில் பட்டால் விரிவது மட்டுமில்லை, உதிரும். கண்ணுக்குத் தெரியாத தூளாகி இறைச்சிக்குள் போகும். கழுவினால் போகாது. எலும்புத் துண்டோடு துண்டாக இருந்தால் பல்லுக்கும் தெரியாது. அதோடு வினாகிரி, புளி போன்றவை ஈயத்தைக் கரைத்து எடுக்கும். இது யாருக்கும் எளிதில் தெரிகிற விஷயம் இல்லை, உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள் என்றார்.

றசம். காலையிலும் பின்னேரமும். அடி மண்டியோடு. வாயைப் பிடித்து ஊட்டினேனே. இரத்தம் ஊறும் என்று ஊட்டினேனே.

13 பெப்ரவரி

பிள்ளையின் குடலைக் கழுவ மூக்கால் குழாய் விட்டுத் தண்ணீர்மாதிரி மருந்து ஏற்றுகிறார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இவர் தாழ்வாரத்தில் நின்றார்.

தாழ்வாரத்திலேயே சண்டை. கியானின் தகப்பன் தொண்ணூறு வயது வரைக்கும் மான் தின்றவர், ஒன்றும் வரவில்லை என்கிறார் இவர். அவர்கள் தோளை எறிந்துவிட்டுத் தின்றார்கள் என்றேன். ஆர் எறிய விடாதது என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிரசாந்தினிக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவளுடைய வயிற்றில் பிள்ளை. இவர் என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும் மலர். நிச்சயமாத் தெரியட்டும். நஞ்சு குடுத்தவன் எண்டு என்னைச் சொல்லப்போறாங்கள்."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். சொல்லத்தான் எடுத்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும்தான் வாய் கேட்டது. "ஓம் அக்கா, உங்கட மான் கறிதான்" என்றாள். அது பழுதாகிவிட்டது, இனிச் சாப்பிடாதே என்று ஏதோ உளறினேன். மணம் ஒன்றும் இல்லையே அக்கா, நல்லாக் கழுவித்தான் வைத்தேன் என்று சிரித்தாள்.

நான் எப்படிப்பட்ட ஆள்? பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஆள்.

15 பெப்ரவரி, சனி

இவர் விடிய எழும்பி, ஃபிரீசரில் இருந்து சில பொதிகளை எடுத்துக்கொண்டு கியானின் காரில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நின்ற எனக்கு ரெலிபோனில் இவ்வளவுதான் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. கொட்டப் போகிறாராக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கியானுக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் போய், பொதிகளை உறைந்தபடியே மேசையில் வைத்து எக்ஸ்றே எடுத்திருக்கிறார். படத்தைத் தன் ரெலிபோனில் காட்டினார். தோள் பொதியில் எலும்பைச் சுற்றி மட்டுமில்லை, எட்டத்தில், நல்ல சிவப்பாக, சுத்தமாகத் தெரிந்த இறைச்சிக்குள்ளும் வெள்ளைத் தூள். நெஞ்சுத் துண்டிலும். தொடையில் மட்டும் இல்லை.

"அது நிண்ட இடத்திலயே விழுந்தது" என்றார். "நான் சந்தோசப்பட்டனான்."

பிறகு, லக்ஷ்மணன் வீட்டுக்குத் தான் போவதாகச் சொன்னார். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டுத் தனியாக நடந்து போனார். மச்சாளுக்கு வழியில் ரெலிபோனில் சொன்னாராம். அங்கே இரண்டு வளர்ந்த பொடியள், மச்சாள் றசம் வைக்கிற ஆளும் இல்லை. அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இராது என்று வைத்தியர் நினைக்கிறார், ஆனாலும் இரத்தம் சோதிக்க வேண்டும்.

16 பெப்ரவரி, ஞாயிறு

மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு முன்னால் ஒரு பெரிய நீலப் பை. உள்ளே எங்கள் இறைச்சிப் பொதிகள், நான் கையால் எழுதி ஒட்டிய துண்டுகளோடு. உருகி, இரத்தத் தண்ணீர் படியால் ஒழுகிக்கொண்டிருந்தது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் லக்ஷ்மணன்.

படியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பிரசாந்தினி ரெலிபோன் எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்கள் எனக்கு உருண்டை உருண்டையாப் பிசைஞ்சு தந்தனீங்கள் அக்கா" என்றாள்.

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். ஓம், தந்தேன். என்னுடைய கையால் தந்தேன்.

3 மார்ச்

குடலில் கிடந்தது அநேகமாகப் போய்விட்டது. வலப்பக்கத்தில் இருந்த கூட்டம் அசையவில்லை. குடல்வாலுக்குள் போய் இருந்துவிட்டதாம். அங்கே இருக்கும்வரை இரத்தத்துக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். வெட்டி எடுக்கப்போகிறார்கள்.

6 மார்ச்

எடுத்தாகிவிட்டது. சின்னக் குப்பியில் போட்டு வைத்தியர் காட்டினார். மூன்று கறுப்புத் துணுக்கு, அரிசிக் குறுணல் அளவு. இவ்வளவுதானா என்று இவர் கேட்டார். இவ்வளவுதான் என்றார் வைத்தியர்.

20 மார்ச்

ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தார்கள். மருந்துக் கூட்டைத் திறந்தால் கூழ்முட்டை மணம் வீடு முழுக்க. யோகட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளை இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது யோகட்டும் இல்லை, பாலும் இல்லை. நான் கரண்டி எடுத்தாலே மேசைக்குக் கீழே போய்விடுகிறாள்.

இவர் பிடிக்க, நான் மூக்கைப் பொத்தி ஊற்றுகிறேன். துப்புகிறாள். மறுபடி. என் கையைக் கடித்துவிட்டாள், தோல் கிழிந்துபோனது. அவளுக்குச் சாப்பாடு என்றால் நான்தான் நஞ்சு. பிழை இல்லையே?

2 ஏப்ரல்

இல்லத்தில் ஒரு கிழவிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கரண்டிக்கு அவர் வாயைத் திறந்தார், என்னால் கொடுக்க முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பொறுப்பாளர் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் என்ன இருக்கிறது? பேசாத பிள்ளையும் பேசாத புருஷனும்.

28 ஏப்ரல்

செத்துப்போனால் என்ன என்று இன்று நினைத்தேன். பிறகு, மருந்தை ஆர் ஊற்றுவது என்று நினைத்தேன். இவரால் தனியாக முடியாது, பிள்ளையைப் பிடித்தால் மூக்கைப் பொத்தக் கை இல்லை. அதனால்தான் இருக்கிறேன். வைத்தியரிடம் இதைச் சொன்னேன். உடனே எனக்கும் ஒரு வைத்தியரைப் பிடித்துத் தந்தார்.

14 மே

கியான் வந்தார். படிக்கட்டில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டேன் என்றார். அந்தப் பெட்டியைக் கொடுத்தது தான்தான் என்று ஜேர்மனில் இரண்டு முறை சொன்னார். தன் பேரப்பிள்ளைகளையும் சோதித்தாராம், கொஞ்சம் இருக்கிறதாம், பெரிதாக இல்லையாம். வேட்டைக்காரர் கூட்டத்தில் காட்ட அந்தப் பொதியின் எக்ஸ்றே படத்தைத் தர முடியுமா என்று கேட்டார்.

இவர் கொடுத்தார். கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். கூட்டம் இன்றிரவேதான், இவர் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். சிலர் கேட்டார்களாம். சிலர், இவனுக்கு இறைச்சி வெட்டத் தெரியாது என்றார்களாம். அதுவும் உண்மைதான் என்று தான் சொன்னதாகச் சொன்னார்.

11 யூன்

பிரசாந்தினிக்குப் பெண் பிள்ளை. மச்சாள் மூலம்தான் தெரியும். கொப்பூழ்க்கொடி இரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவு இல்லையாம், தொடர்ந்து பார்ப்பார்களாம். நிலத்தில் இருந்து அழுதேன். இவர் வந்து பக்கத்தில் இருந்தார். பிள்ளையைப் பார்க்கப் போகலாமா என்று நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. எங்களை அழைக்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கும் அழைக்கப்போவதில்லை.

7 யூலை

றோஷினியின் இரத்தத்தில் ஈயம் இறங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தியாகிவிட்டது. எலும்பில் போய்த் தங்கினது மெல்ல மெல்ல வருஷக்கணக்கில்தான் வெளியே வருமாம். வயிற்று நோ இல்லை. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது.

பேச்சு இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கிழமைக்கு ஒருமுறை போகிறோம். ஒரு சொல், இரண்டு சொல். "பந்து." "தா." ஜேர்மனில் "நைன்." வேண்டாம் என்பதை மட்டும் இரண்டு மொழியிலும் நன்றாகச் சொல்கிறாள். திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார். வைத்தியர்களுக்கும் பயிற்சிக்காரருக்கும் இந்தச் சொல் ஒன்றுதான் தெரியுமோ?

சாப்பாடு இன்னும் பெரும்பாடு. பாண், வாழைப்பழம், தானே தோல் உரித்த முட்டை. நான் சமைத்த எதையும் தொடுவதில்லை.

1 செப்ரெம்பர்

வேட்டைக் காலம் தொடங்குகிறது. விடியவே மலைப்பக்கமாகக் கார்கள் போகும் சத்தம். இவர் இந்த வருஷம் அனுமதிப் பத்திரம் எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனார்.

19 செப்ரெம்பர்

கியான் இவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார், துவக்கு இல்லாமல். செம்புக் குண்டால் கியான் சுட்ட மான் விழாமல் ஓடியிருக்கிறது. நாய்க்காரர் வரும்வரை காத்திருந்து, இவரும் கூடவே பள்ளத்தில் இறங்கித் தேடினாராம். அதிக தூரம் போகவில்லை, கண்டபோது உயிர் இல்லையாம். உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்தார்.

"எதால சுட்டாலும் ஆரோ ஒருத்தருக்கு நோகுது" என்றார். நான் மருந்து பூசிவிட்டேன்.

5 ஒக்ரோபர், ஞாயிறு

மத்தியானம் சோறும் பருப்பும், கரட் வறை. றோஷினிக்கு வழக்கம்போலப் பாணும் முட்டையும் எடுத்து வைத்தேன். அவள் முட்டையைத் தொடவில்லை. எங்கள் கோப்பைகளை மாறி மாறிப் பார்த்தாள். பருப்பைக் கையால் காட்டினாள். நான் மூச்சு விடாமல் ஒரு சின்னக் கோப்பையில் கொஞ்சம் சோறும் பருப்பும் போட்டு அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டேன்.

குனிந்து மணந்தாள். கரண்டியால் கிளறினாள். கிளறிக் கிளறி அடி வரைக்கும் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, இதுக்குள்ள குண்டு இருக்கோ?"

தெளிவாக, ஒரு சொல் பிசகாமல். எத்தனை மாதமாக எந்தக் கோயிலில் எதைக் கேட்டு அழுதேனோ, அது வந்துவிட்டது. இவர் எழும்பி வந்து, அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். "இல்லைக் குஞ்சு" என்றார். அவள் நம்பவில்லை. அவளுடைய கரண்டியால் அவளுடைய கோப்பையில் இருந்து ஒரு வாய் எடுத்து, அவளுக்குத் தெரியும்படி மெல்ல மென்றார்.

றோஷினி அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கி முடித்து, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் தன் வாயைத் திறந்தாள்.